நான்கு ஸ்டிக், ஒரே லேபிள்: திருமங்கலத்து எடிட்டிங் கணினியில் ராம் டைமிங் சரிசெய்த நிகழ்வு

பின்னணி

திருமங்கலத்தில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கும் கணவன், மனைவி இருவரின் கணினி இது. கேமரா அண்ணன் கையில். கார்டிலிருந்து கிளிப் இறக்குவது, நாள்வாரியாக அடுக்குவது, முதல் வெட்டு போடுவது எல்லாம் அக்கா. வீட்டு மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட அறைதான் எடிட்டிங் ரூம். ஏசி உண்டு. ஆனால் கரண்ட் பில்லுக்குப் பயந்து பகலில் பெரும்பாலும் ஃபேன்தான் ஓடும்.

கணினியை அவர்களே மதுரையில் பாகம் பாகமாக வாங்கி வீட்டில் அசெம்பிள் செய்திருந்தார்கள். ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் ஸ்டிக் இரண்டு. லேபிளில் வேகம் 3200, கேட்ட தகவலைத் தரத் தொடங்க ஆகும் தாமதம் சிஎல்16. பயாஸில் (விண்டோஸ் எழும்பும் முன் போர்டின் அமைப்புகளை மாற்றும் இடம்) எக்ஸ்எம்பியை ஆன் செய்து இரண்டு வருடம் ஓட்டியதில் ஒரு தொந்தரவும் வரவில்லை.

எக்ஸ்எம்பி பற்றி ஒரு வார்த்தை. ஸ்டிக்கின் மேல் 3200 என்று அச்சடித்திருந்தாலும் மாட்டியவுடன் அது அந்த வேகத்தில் ஓடாது. 2133, 2400, 2666 என்று பொதுத் தரத்தில் உள்ள ஏதோ ஒரு வேகத்தில் 1.2 வோல்டில் எழும்பும். அச்சடித்த வேகமும் அதற்குரிய டைமிங்கும் (ராமின் ஒவ்வொரு வேலைக்கும் ஒதுக்கும் நேர அளவுகள்) 1.35 வோல்டும் ஸ்டிக்கிலுள்ள ஒரு சின்ன சிப்பில் அட்டவணையாக எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்து அப்படியே போடு என்று போர்டுக்குச் சொல்வதுதான் எக்ஸ்எம்பி. ஏஎம்டி போர்டுகள் சிலவற்றில் இதுவே டிஓசிபி என்ற பெயரில் இருக்கும்.

4கே கிளிப்புகளுக்கு 16 ஜிபி போதவில்லை. வைகாசி முகூர்த்தங்கள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று பங்குனிக் கடைசியில் இன்னொரு ஜோடி வாங்கினார்கள். அதே கம்பெனி, அதே 3200, அதே சிஎல்16, அட்டைப்பெட்டியின் படம்கூட அதேதான். காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டிலும் மாட்டினார்கள். 32 ஜிபி காட்டியது. எக்ஸ்எம்பி ஏற்கெனவே ஆனில் இருந்தது. யாருமே சந்தேகப்பட முடியாத இடம் இது.

என்ன நடந்தது

சித்திரையில் தொடங்கியது. எடிட்டிங் சாஃப்ட்வேர் தானாக மூடிக்கொண்டது. பிறகு ப்ளூ ஸ்க்ரீன். ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட் என்று எழுதி நின்றது, அடுத்த தடவை வேறு ஏதோ டிரைவரின் பெயரைச் சொன்னது. காரணம் ஒவ்வொரு முறையும் மாறியதால் யாரும் ராமை நினைக்கவில்லை. கோடையில் அங்கே லோ வோல்டேஜ் அடிக்கடி வரும் என்பதால் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாற்றப்பட்டது. விண்டோஸ் புதிதாகப் போடப்பட்டது. கிராஃபிக்ஸ் டிரைவர் பழைய பதிப்புக்கு இறக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் நியாயமான சந்தேகமே. ஆனால் பணமும் நாளும் போனதுதான் மிச்சம்.

வைகாசியில்தான் விஷயம் வேறு தளத்துக்குப் போனது. கொடுத்து முடித்த ஒரு கல்யாண வீடியோவில், தாலி கட்டும் இடத்தில், மாப்பிள்ளையின் தோளருகே பச்சைக் கட்டங்கள் அரை நொடி மின்னி மறைகின்றன என்று பெண் வீட்டார் அழைத்துச் சொன்னார்கள். மறுபடி எக்ஸ்போர்ட் செய்து பார்த்தார்கள். அதே இடத்தில் அதே பச்சை. அப்படியானால் கெட்டுப்போனது எக்ஸ்போர்ட் அல்ல, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் மூலக் கிளிப்பே. கேமராவின் கார்டையோ அடுத்த கல்யாணத்துக்காக ஃபார்மட் செய்து முடித்திருந்தார்கள். நல்லவேளையாக இரண்டாம் கேமராவின் கோணம் சுத்தமாக இருந்தது. அதை வைத்து அந்த இடத்தை ஒட்டவைத்தார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனதும் அக்கா ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். எந்தக் கார்டு எப்போது இறக்கியது, கணினி எப்போது நின்றது என்று மணியோடு எழுதியிருந்தார்.

“தம்பி, ராத்திரி ஓட்டுனா ஒண்ணுமில்ல. மத்தியானம் சாப்புட்டு வந்து உக்காந்தாத்தான் படுத்துருது. நானும் கரண்டுதான்னு நெனச்சேன். ஆனா யூபிஎஸ்ல ஓடுனப்பவும் படுத்துச்சு பாருங்க.”

இந்த நிகழ்வில் கிடைத்த தடயங்களில் மிக மதிப்பானது அந்த நோட்டுதான் என்பது என் எண்ணம். சந்தேகப் பட்டியலிலிருந்து கரண்டை அது எடுத்தது. வெப்பத்தைச் சேர்த்தது.

சோதித்த விதம்

முதலில் சாஃப்ட்வேரைத் தொடவில்லை. இன்னும் ஃபார்மட் செய்யாத ஒரு கார்டை எடுத்து, அதிலிருந்த பெரிய கிளிப் ஒன்றின் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை (ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும், கோப்பின் கைரேகை போன்ற எண்) என் லேப்டாப்பில் கணக்கிட்டேன். சந்தேகத்துக்குரிய கணினி சொல்லும் கணக்கையே நம்ப முடியாது என்பதால் லேப்டாப். பிறகு மத்தியான வெயிலில் அதே கிளிப்பை அவர்கள் கணினிக்குப் பல முறை நகலெடுத்து, அந்த நகல்களையும் வெளி டிஸ்க்கில் கொண்டுவந்து லேப்டாப்பில் கணக்கிட்டேன். பெரும்பாலான நகல்கள் ஒத்துப்போயின. சில ஒத்துப்போகவில்லை. கோப்பின் அளவு ஒரு பைட்கூட மாறவில்லை, விண்டோஸ் பிழை எதுவும் சொல்லவில்லை, பிளேயரில் ஓடவும் செய்தது. உள்ளே மட்டும் எங்கோ ஒரு பிட் புரண்டிருந்தது.

கணினி நின்றுபோவதைவிட எனக்கு இதுதான் பெரிய அச்சத்தைத் தந்தது. சாதாரண வீட்டுக் கணினியின் ராமில் ஈசிசி என்ற பிழை கண்டறியும் ஏற்பாடு இல்லை. ஒரு பிட் மாறினால் அதைக் கவனிக்கவோ பதிவேட்டில் எழுதிவைக்கவோ உள்ளே ஆள் கிடையாது. கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு கோப்பும் ராம் வழியாகத்தான் போகிறது. ப்ளூ ஸ்க்ரீன் வந்தால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுவோம். கிளிப் கெட்டால், வாடிக்கையாளர் வீட்டு டிவியில் ஓடும்போதுதான் தெரியும்.

அடுத்து மெம்டெஸ்ட்86+ என்ற இலவசச் சோதனை நிரல். பென் டிரைவிலிருந்து விண்டோஸ் இல்லாமலே எழும்பி ராமின் ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் படித்துப் பார்க்கும். இரவில் போட்டதில் சுத்தம். பகலில், ஜன்னலைச் சாத்தி, கேபினட் மூடியை மாட்டி ஓட்டியபோது சிவப்பு வரிகள் வந்தன. எல்லா பிட்டையும் 1 என்று எழுதிய இடத்தைத் திரும்பப் படித்தபோது ஒரே ஒரு பிட் 0 ஆக இருந்தது. அந்த ஒரு பிட்தான் பச்சைக் கட்டம்.

எந்த ஸ்டிக் என்று பார்க்க ஜோடியைப் பிரித்தேன். பழைய ஜோடி தனியாகச் சுத்தம். புது ஜோடியும், அதே வெயிலில், தனியாகச் சுத்தம். நான்கும் சேர்ந்தால் மட்டும் பிழை. கடைக்கு எடுத்துப் போயிருந்தால் மாட்டிப் பார்த்துவிட்டு நல்லாத்தானே ஓடுது என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மையாகவே இருந்திருக்கும்.

காரணம்

இரண்டு ஜோடியிலிருந்தும் ஒவ்வொரு ஸ்டிக்கை எடுத்து, அலுமினிய உறையின் அடிவிளிம்பில் டார்ச் அடித்துப் பார்த்தோம். பழையதில் எட்டு சிப் வரிசையாக இருந்தன. புதியதில் நான்கு மட்டும். இரண்டுமே 8 ஜிபி. பழையதில் ஒரு சிப் 8 கிகாபிட், புதியதில் 16 கிகாபிட். தயாரிப்பாளர்கள் லேபிளை மாற்றாமல் உள்ளே சிப்பை மாற்றுவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

வேறுபாடு எங்கே கடிக்கிறது என்பதற்கு ராம் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச்சிறு மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும். அடியில் பொத்தல் விழுந்த குடம் போல, காலியாவதற்குள் மறுபடி மறுபடி நிரப்ப வேண்டும். டிடிஆர்4-இல் எல்லா வரிசைகளையும் 64 மில்லிசெகண்டுக்குள் ஒரு சுற்று நிரப்பியாக வேண்டும். அதற்காகச் சராசரியாக 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒரு முறை ரெஃப்ரெஷ் கட்டளை போகும். சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகும். சிப்பின் வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் இந்த இடைவெளியைப் பாதியாக்க வேண்டும் என்பதே தரவிதி.

ஒவ்வொரு ரெஃப்ரெஷும் முடிய ஆகும் நேரத்துக்கு டிஆர்எஃப்சி என்று பெயர். தரவிதிப்படி 8 கிகாபிட் சிப்புக்கு 350 நானோசெகண்டு, 16 கிகாபிட் சிப்புக்கு 550. 3200 வேகத்தில் ராமின் கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ். பயாஸ் நேரத்தை இந்தக் கடிகாரத்தின் துடிப்புகளாக எண்ணுவதால் அங்கே இந்த எண்கள் 560, 880 என்று தெரியும். சென்டைமிங்ஸ் என்ற சிறு நிரலைத் திறந்து பார்த்தபோது நான்கு ஸ்டிக்கிலும் 560 ஓடிக்கொண்டிருந்தது. போர்டு பழைய ஜோடியின் எக்ஸ்எம்பி அட்டவணையை எடுத்து எல்லாவற்றுக்கும் போட்டிருந்தது. புது சிப் தன் வரிசையை முழுதாக நிரப்பி முடிப்பதற்குள் அடுத்த வேலை வந்துவிடுகிறது. குளிர்ந்த இரவில் அரைகுறையாக நிரம்பியதே போதுமானதாக இருந்தது. சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணிக்கு, பக்கத்தில் கிராஃபிக்ஸ் கார்டும் வேகும்போது, போதவில்லை.

லேபிளில் இருந்த சிஎல்16 இந்தப் பிரச்சினையைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. ராம் வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது வேகத்தையும் சிஎல்லையும்தான். டிஆர்எஃப்சி பெட்டியில் அச்சிடப்படுவதே இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்டி கொடுக்கும் அளவு, இரண்டு ஸ்டிக் என்றால் 3200, ஒற்றை ரேங்க் (சிப்புகள் எல்லாம் ஒரே தொகுதியாக இயங்கும்) ஸ்டிக் நான்கு என்றால் 2933. நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடும் என்பதே அதன் பொருள். 3200-இல் நான்கு ஸ்டிக் ஓடும் கணினிகள் ஏராளம் உண்டு. ஆனால் அந்த வேகத்துக்கு யாரும் உத்தரவாதம் தந்ததில்லை.

எடுத்த முடிவுகள்

அன்றைக்கு எக்ஸ்எம்பியை அணைத்தோம், அவ்வளவுதான். ஆனி முழுக்க முகூர்த்தங்கள் புக் ஆகியிருந்தன. டைமிங்கைத் திருகிப் பார்க்க அது நேரமில்லை. எக்ஸ்எம்பி அணைந்ததும் நான்கு ஸ்டிக்கும் 2400-க்கு இறங்கின. அப்போது போர்டு எல்லா ஸ்டிக்கின் பொதுத்தர அட்டவணையையும் படித்து, மெதுவானதற்கு ஏற்ற எண்ணைத் தானே வைத்தது. மத்தியானச் சோதனையில் சுத்தம், நகல்கள் எல்லாம் ஒத்துப்போயின.

அண்ணனுக்கு மனம் ஒப்பவில்லை. “காசு குடுத்து 3200 வாங்கிட்டு 2400-ல ஓட்டுறதா தம்பி?” என்றார். கணக்கைக் காட்டினேன். இரட்டைச் சேனலில் 3200-க்கு நொடிக்கு 51.2 ஜிபி, 2400-க்கு 38.4 ஜிபி. தாளில் பெரிய இறக்கம். ஆனால் எக்ஸ்போர்ட்டில் வேலையின் பெரும்பகுதி பிராசசரிலும் கிராஃபிக்ஸ் கார்டிலும் நடக்கிறது. ஒரு கல்யாணப் படத்தை ஓடவிட்டுப் பார்த்தபோது கூடுதலாக ஆனது ஒரு டீ குடித்து வரும் நேரம்தான். “சரிண்ணே, ஆடி வரட்டும், பாத்துக்கலாம்” என்றேன். ஒப்புக்கொண்டார்.

கூடவே ஒரு நடைமுறை வைத்தோம். கார்டை இறக்கியதும் நகலைக் கார்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வரை ஃபார்மட் கிடையாது. அதற்கு விண்டோஸுடன் வரும் செர்ட்யூட்டில் கட்டளையே போதும். அக்காவுக்காக ஒரே கிளிக்கில் ஓடும்படி எழுதிக் கொடுத்தேன்.

ஆடியில் கல்யாணம் இல்லை, கணினி ஓய்வாக இருந்தது. மூன்று வழிகளைப் பேசினோம். நான்கையும் விற்றுவிட்டு 16 ஜிபி ஸ்டிக் இரண்டாக ஒரே பெட்டியில் வாங்குவது தொழில்நுட்ப அளவில் மிகச் சுத்தமான வழி. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஏற்கெனவே செலவழித்திருந்தார்கள், மறுபடி செலவு செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டாவது, வோல்டேஜை 1.4-க்கு மேல் ஏற்றுவது. சூட்டால் வந்த சிக்கலுக்கு மேலும் சூடு சேர்ப்பது சரியாகப் படவில்லை. மூன்றாவது, எக்ஸ்எம்பியை விட்டுவிட்டு எண்களைக் கையால் போடுவது. அதைத் தேர்ந்தோம்.

முதலில் 3200-ஐ விடாமல் டிஆர்எஃப்சியை மட்டும் 880 ஆக்கினேன். ஒரே நேரத்தில் இரண்டு எண்ணை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். மெம்டெஸ்ட் பகலிலும் சுத்தமாக முடிந்தது. காரணம் சரியாகப் பிடிபட்டது என்பதற்கு அது சான்று. ஆனால் மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், அதனால் கேபினட்டுக்குள் உண்மையான சூடு வராது. மேலும் அது ஆடிக் காற்று வீசும் மாதம், கத்திரி வெயில் அல்ல. எனவே ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, ஒரு பக்கம் வீடியோ ரெண்டர், இன்னொரு பக்கம் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 என்ற ராம் சோதனை நிரல் என்று ஓடவிட்டேன். நீண்ட நேரம் கழித்து ஒற்றைப் பிழை வந்தது.

ஒற்றைப் பிழைதானே, கத்திரியில் ஏசி போட்டுக்கொள்ளலாமே என்று வாதிட இடமிருந்தது. நான் வாதிடவில்லை. விளையாட்டுக்கு ஓட்டும் கணினி என்றால் வேறு. இங்கே ஒவ்வொரு கிளிப்பும் இன்னொருவர் வீட்டு நாள், திரும்ப எடுக்க முடியாதது.

2933-க்கு இறக்கினேன். 1.35 வோல்ட், டைமிங் 16-18-18-38 அப்படியே, கியர் டவுன் மோட் (ராமுக்குக் கட்டளைகளை நிதானமாக அனுப்பும் அமைப்பு) ஆன். கடிகாரம் 1467 மெகாஹெர்ட்ஸ் ஆனதால் 550 நானோசெகண்டுக்கு டிஆர்எஃப்சி 807 வரும், 808 போட்டேன். பிராசசருக்குள் ஓடும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் கடிகாரமும் 1467 ஆக ராமோடு ஒன்றுக்கு ஒன்று என்று சேர்ந்தே ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் இது பிரிந்தால் தாமதம் கூடி, ராம் வேகத்தை ஏற்றிய பலன் கரைந்துவிடும். கிடைத்தது நொடிக்கு 46.9 ஜிபி. சிஎல் தாமதம் 3200-இல் 10 நானோசெகண்டு, இங்கே 10.9. பொதுத்தர 2400, சிஎல்17-இல் அது 14.2 ஆக இருந்தது. இழந்தது சொற்பம்.

முன்பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் ஒரு ஃபேன் மாட்டினோம். தூசி வலையைக் கழுவினோம். ரெண்டரும் டெஸ்ட்மெம்5-ம் அதே அடைத்த அறையில் பகல் முழுக்க ஓடி, பிழையில்லாமல் முடிந்தன.

பின்னர்

ஆவணி முகூர்த்தங்களில் தொடங்கி அடுத்த சித்திரை, வைகாசி வரை அதே அமைப்பில் ஓடியது. கத்திரியிலும் மத்தியான வேலை நிற்கவில்லை. அக்காவின் நோட்டில் நகல் ஒத்துப்போகவில்லை என்ற பதிவு ஒன்றே ஒன்று வந்தது. அது கார்டு ரீடரின் கேபிள், மாற்றியதும் சரியானது. ராமுக்காக வைத்த நடைமுறை வேறொரு கோளாறையும் பிடித்துக் கொடுத்தது.

சரிசெய்ய முடியாமல் போனதும் உண்டு. புது ஸ்டிக் மாட்டியதிலிருந்து எக்ஸ்எம்பியை அணைத்தது வரை இறக்கிய கிளிப்புகளில் எவை கெட்டவை என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒப்பிடக் கார்டுகள் இல்லை. இருவரும் உட்கார்ந்து அந்தக் காலத்து வீடியோக்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு வீட்டு நலங்கில் சில நொடிகள் கெட்டிருந்தன, அதற்கு இரண்டாம் கேமரா இல்லை. அண்ணன் நேரில் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். அந்த வீட்டார் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்கள். எல்லா வீடும் அப்படி இருக்காது.

இனி வேறு விதமாகச் செய்ய வேண்டியவை

ராம் கூட்ட வேண்டுமென்றால் தேவையான மொத்த அளவையும் ஒரே பெட்டியில் வாங்குவதே நல்லது. அது இயலாமல் இரண்டாவது ஜோடி சேர்த்தால், எக்ஸ்எம்பியை முதலில் அணைத்துவிட்டு, இரண்டு ஜோடியின் அட்டவணையையும் தைஃபூன் பர்னர் போன்ற நிரலில் படித்து, எண்கள் எங்கே பிரிகின்றன என்று பார்த்த பிறகே வேகத்தை ஏற்ற வேண்டும். சிபியு-இசட் போன்ற சில நிரல்கள் 3200-ஐ 1600 என்று காட்டும், அது பாதி வேகம் அல்ல, கடிகார எண்.

மதுரைப் பக்கத்தில் ராத்திரி சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கணினி எந்த நேரத்தில், எந்தச் சூட்டில் வேலை செய்யப்போகிறதோ அங்கேயே, கிராஃபிக்ஸ் கார்டும் உழைக்கும்போது சோதிக்க வேண்டும். கடைக்காரர்கள் ஏசி அறையில் ஐந்து நிமிடம் மாட்டிக் காட்டுவது எழும்புகிறதா என்பதற்கான சோதனை மட்டுமே.

கார்டு ஒப்பீடு பழுது வந்த பிறகு தொடங்க வேண்டிய வேலை அல்ல. தொழிலின் முதல் நாளிலிருந்தே இருந்திருந்தால் நலங்கு தப்பியிருக்கும்.

கையால் போட்ட எண்களைத் தாளில் எழுதி, பயாஸ் திரைகளைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறோம். பயாஸ் அப்டேட் செய்தாலோ, பயாஸ் அமைப்புகளைக் காத்து வைக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்தாலோ எல்லாம் அழிந்து பொதுத்தர வேகத்துக்குத் திரும்பிவிடும், அதில் ஆபத்து இல்லை. ஆபத்து, வேகம் குறைந்திருப்பதைப் பார்த்து யாராவது எக்ஸ்எம்பியை மறுபடி ஆன் செய்வதில்தான். அப்படிச் செய்யக் கூடாது என்பதும் அந்தத் தாளிலேயே காரணத்தோடு எழுதியிருக்கிறது. எண்களைத் திரும்பப் போட்ட பிறகு, ஒரு பகல் சோதனை முடியும் வரை கார்டு எதையும் அதில் சொருகுவதில்லை.